புது வீட்டுக்கு எந்த ஷவர்? பூச்சு வேலைக்கு முன் பார்க்க வேண்டியவை

ரெயின் ஷவர், ஹேண்ட் ஷவர், ஷவர் பேனல், தெர்மோஸ்டாட் மிக்சர் என்று கடையில் பலவற்றையும் பார்த்துவிட்டு, மூன்று குளியலறைகளுக்கும் எந்த வகையை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். சுவர் எழும்பிவிட்டது, பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை, தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிறது, மாடியில் இரண்டு குளியலறைகளும் கீழ்த்தளத்தில் பெற்றோருக்கு ஒன்றும் இருக்கின்றன, வீட்டில் இரண்டு குழந்தைகள் உண்டு என்பதையும் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வி வெளியே தெரியும் ஷவரைப் பற்றியது. ஆனால் இந்தக் கட்டத்தில் நீங்கள் முடிவு செய்தாக வேண்டியது, சுவருக்குள் எந்த அளவுக் குழாய், எந்த வால்வு, எந்த உயரத்தில் புதையப்போகிறது என்பதைத்தான். ஷவரின் தலையைத் திருகிக் கழற்றிப் பத்து நிமிடத்தில் வேறொன்றை மாட்டிவிடலாம். டைல்ஸுக்குப் பின்னால் போய்விட்டதை மாற்ற உளியும் சுத்தியலும் வேண்டும். வீடுகளுக்கான குழாய் அமைப்பை வரைவதும் மேற்பார்வையிடுவதும் என் தொழில் என்பதால், சுவரிலிருந்து தொடங்கி ஷவருக்கு வருகிறேன்.

முதலில் ஐயத்துக்கே இடமில்லாத ஒன்று. தொட்டியிலிருந்து தானாக இறங்கிவரும் தண்ணீரின் அழுத்தம், தொட்டியின் நீர்மட்டத்துக்கும் ஷவருக்கும் இடையே உள்ள செங்குத்து உயரத்தை மட்டுமே பொறுத்தது. தொட்டி ஆயிரம் லிட்டரா ஐயாயிரம் லிட்டரா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு), அதாவது மீட்டருக்கு 0.1 பார். மாடியறையின் கூரை 3 மீட்டர் உயரத்திலும், ஷவர் 2.1 மீட்டர் உயரத்திலும், தொட்டி கூரைக்கு மேல் ஒரு மீட்டர் மேடையிலும் இருந்தால், தொட்டியின் அடிமட்டத்திலிருந்து ஷவர் வரை கிடைப்பது சுமார் 2 மீட்டர், அழுத்தம் 0.2 பார். கீழ்த்தளத்துக்கு இன்னும் 3 மீட்டர் கூடுவதால் 0.5 பார். தொட்டி நிறைந்திருக்கும்போது இது சற்றுக் கூடும். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் குழாயின் உராய்வும், குழாய் திரும்பும் இடத்தில் வரும் ஒவ்வொரு எல்போவும் இதில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

இப்போது கடையில் பார்த்த அட்டைப்பெட்டியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதில் நிமிடத்துக்கு 12 லிட்டர் என்று அச்சிட்டிருந்தால், அது பெரும்பாலும் 3 பார் அழுத்தத்தில் அளந்த அளவாக இருக்கும். விளக்கத்தாளில் சிறிய எழுத்தில் அந்த அழுத்தத்தையும் குறித்திருப்பார்கள். ஒரு துளை வழியே பாயும் நீரின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும்; அழுத்தம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் நீர் பாதியாகக் குறையும். இந்தக் கணக்கின்படி அதே ஷவர் 0.5 பாரில் நிமிடத்துக்கு 5 லிட்டரும், 0.2 பாரில் சுமார் 3 லிட்டரும்தான் தரும். உள்ளே நீரைக் கட்டுப்படுத்தும் சிறு வளையம் இருந்தால் எண்கள் சற்று மாறலாம், போக்கு மாறாது. அந்த 3 லிட்டரையும் 30 சென்டிமீட்டர் அகலத் தட்டில் பரப்பிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 10 சென்டிமீட்டர் வட்டத்தைவிட 30 சென்டிமீட்டர் வட்டத்தின் பரப்பு ஒன்பது மடங்கு.

இதை ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன். மாடிக் குளியலறையின் கூரையில் பெரிய சதுர ரெயின் ஷவரைப் பதித்து, எல்லா வேலையும் முடிந்து குடியேறிய பிறகு என்னை அழைத்தார்கள். குமிழைத் திறந்தபோது நடுவிலிருந்த சில முனைகளில் மட்டும் நூல் நூலாக நீர் இறங்கியது; ஓரத்து முனைகளில் துளி திரண்டு, தயங்கி, ஒவ்வொன்றாகச் சொட்டியது. கீழே வைத்த பத்து லிட்டர் வாளி நிறைய மூன்றரை நிமிடம் ஆனது. ஷவரில் குறை ஒன்றுமில்லை, நல்ல தயாரிப்புதான். அதற்குத் தேவையான அழுத்தம் அந்த வீட்டில் எந்த மூலையிலும் இல்லை. பம்ப் வைக்கலாம் என்றால் தொட்டிக்கு அருகே மின் இணைப்பு விடப்படவில்லை, மூன்று குளியலறைகளுக்கும் ஒரே குழாய் கிளைபிரிந்து சென்றது. புதுச் சுவரின் மேல் வெளியே தெரியும்படி வயரை இழுத்துத்தான் சரிசெய்ய முடிந்தது. அந்த வீட்டுக்காரர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

எனவே வாங்குவதற்கு முன் அளந்துவிடுங்கள். ஷவர் வரவேண்டிய உயரம் வரை குழாயை ஏற்றி, வாயைத் திறந்து வைத்து, பத்து லிட்டர் வாளியையும் கடிகாரத்தையும் வைத்துப் பாருங்கள். பிறகு கீழ்த்தளத்தில் ஒரு குழாயைத் திறந்துவிட்டு மறுபடியும் பாருங்கள். ஷவர் மாட்டாத வெறும் குழாயிலேயே நிமிடத்துக்கு 12 லிட்டர் வராவிட்டால், மாட்டிய பிறகு அதைவிடக் குறைவாகத்தான் வரும். பிளம்பரிடம் அழுத்தமானி இருந்தால் அதையும் பொருத்திப் பார்க்கலாம். நான் பின்பற்றும் எல்லைக்கோடுகள் இவை: 0.5 பாருக்குக் கீழே என்றால் 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள, துளைகள் பெரிதான, குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்ட ஷவர், 1 பார் கிடைத்தால் 20 சென்டிமீட்டர் ரெயின் ஷவர், 1.5 பாருக்கு மேல் என்றால் நீங்கள் கடையில் பார்த்த பெரும்பாலானவை வேலை செய்யும். இவை பழக்கத்தில் வந்த எண்கள், விதிகள் அல்ல. தயாரிப்பாளர் குறைந்தபட்ச அழுத்தம் என்று ஓர் எண்ணைக் கொடுத்திருந்தால், என் எண்ணை விட்டுவிட்டு அதைப் பின்பற்றுங்கள்.

குழாயின் அளவில் சிக்கனம் பார்க்க வேண்டாம். தொட்டியிலிருந்து இறங்கும் முதன்மைக் குழாய் 32 மில்லிமீட்டரும், குளியலறைக்குள் வருவது 20 மில்லிமீட்டரும் இருந்து, கடைசியாக ஷவருக்கு ஏறும் கிளை மட்டும் 15 மில்லிமீட்டராக இருந்தால், இருக்கும் சிறிய அழுத்தம் வீணாகாமல் வந்து சேரும். முடிந்தால் மாடிக் குளியலறைகளுக்குத் தொட்டியிலிருந்தே தனி இறக்கம் கொடுங்கள். கீழே யாரேனும் குழாயைத் திறந்தால் மேலே ஷவர் இளைத்துப்போவது அதனால் பெருமளவு குறையும்.

அழுத்தம் போதாது என்று தெரிந்தால் பிரஷர் பம்ப் ஒரு நேர்மையான தீர்வு. ஆனால் அதற்கும் இப்போதே இடம், மின் இணைப்பு, மின்சாரம் இல்லாதபோது பம்பைச் சுற்றித் தண்ணீர் செல்லும் மாற்றுப் பாதை ஆகியவற்றைத் திட்டமிட வேண்டும். குளிர்நீர், வெந்நீர் இரண்டின் அழுத்தத்தையும் சேர்த்தே உயர்த்தும்படி பம்பை கீசருக்குப் போகும் கிளைக்கு முன்பாக வைக்க வேண்டும். குளிர்நீரை மட்டும் உயர்த்தினால், இரண்டையும் கலந்து தரும் மிக்சருக்குள் அது வெந்நீரை எதிர்த்துத் தள்ளி, வெந்நீரே வராமல் செய்துவிடும். கீசரின் தகட்டில் அது தாங்கும் அழுத்தம் பொறிக்கப்பட்டிருக்கும். பம்பின் அதிகபட்ச அழுத்தம் அதற்குள் அடங்க வேண்டும், கீசரில் பாதுகாப்பு வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். படுக்கையறைக்கு நேர்மேலே பம்பை வைக்காதீர்கள். ரப்பர் மெத்தையின் மேல் நிறுத்தினாலும் இரவில் ஓசை கேட்கும்.

அடுத்தது வெந்நீர். இதைக் கடையில் யாரும் கேட்பதில்லை. 25 லிட்டர் கீசரில் 60 டிகிரி நீர் இருக்கிறது, குழாய் நீர் 25 டிகிரி, நீங்கள் குளிப்பது 40 டிகிரியில் என்று வைத்துக்கொள்வோம். கலவையில் வெந்நீரின் பங்கு ஏழில் மூன்று. அதாவது ஒரு கீசர் வெந்நீரிலிருந்து அதிகபட்சம் 58 லிட்டர் குளிக்கும் நீர் கிடைக்கும். உள்ளே புகும் குளிர்நீர் கலப்பதால் நடைமுறையில் அதைவிடக் குறையும். நிமிடத்துக்கு 9 லிட்டர் தரும் ஷவரில் இது ஆறு நிமிடம் வரும். 20 லிட்டர் தரும் பெரிய ரெயின் ஷவரில் மூன்று நிமிடம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். உடனடி கீசர் என்றால் கணக்கு இன்னும் இறுக்கம்: 3 கிலோவாட் கருவி 25 டிகிரி நீரை 40 டிகிரிக்கு உயர்த்தும்போது நிமிடத்துக்கு 3 லிட்டருக்கும் சற்றுக் குறைவாகவே தர முடியும். அது ஹேண்ட் ஷவருக்கே மட்டுமட்டு. ரெயின் ஷவரோடு அதைச் சேர்ப்பது வீண். கீசரைக் குளியலறைக்கு அருகிலேயே வையுங்கள். 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் 10 மீட்டர் நீண்டால் அதற்குள் 3 லிட்டர் ஆறிய நீர் தங்கும். ஒவ்வொரு முறையும் அது வெளியேறிய பிறகே வெந்நீர் வரும்.

இனி வகைகளுக்கு வருகிறேன். ரெயின் ஷவரின் சுகம் உண்மையானது, போதிய நீர் இருந்தால். ஆனால் அதன் கீழ் நின்றால் தலை நனையாமல் இருக்க முடியாது. உடம்புக்கு மட்டும் குளிக்க விரும்பும் நாளில் அது பயன்படாது. எனவே அதை மட்டும் தனியாக வைக்கும் வீடுகளை நான் ஊக்குவிப்பதில்லை; கூடவே ஒரு ஹேண்ட் ஷவரும், இரண்டுக்கும் நடுவே நீரைத் திருப்பும் டைவர்ட்டரும் வேண்டும். ஹேண்ட் ஷவர்தான் என் கணக்கில் வீட்டில் மிக அதிகமாக உழைக்கும் பொருள். ஏறி இறங்கும் கம்பியில் அதை மாட்டிவிட்டால் குழந்தைக்கும் உயரமானவருக்கும் ஒன்றே போதும், உட்கார்ந்து குளிப்பவருக்கு எட்டும், சுவரையும் தரையையும் கழுவவும் உதவும். நீர் நிறைந்த வாளியிலோ தொட்டியிலோ அதன் தலை அமிழ்ந்து கிடக்கும்போது குழாயில் அழுத்தம் குறைந்தால், அழுக்கு நீர் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்படக்கூடும்; அதைத் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

பக்கவாட்டிலிருந்து பீய்ச்சும் பாடி ஜெட்டுகளை உங்கள் வீட்டுக்கு நான் பரிந்துரைக்கவில்லை. ஒவ்வொரு ஜெட்டும் தனக்கென நீரும் அழுத்தமும் கேட்கும், ஒவ்வொன்றுக்கும் சுவருக்குள் ஓர் இணைப்பு வரும், இணைப்பு கூடக் கூடக் கசியக்கூடிய இடமும் கூடும். ஷவர் பேனல் சுவரின் மேலேயே மாட்டப்படுவதால் உடைப்பு வேலை குறைவு என்பது அதன் நற்குணம். உள்ளே வளைந்து செல்லும் மெல்லிய குழாய்கள் பழுதானால் முழுப் பலகையையும் இறக்க வேண்டும், உதிரிபாகம் அதே தயாரிப்பாளரிடம்தான் கிடைக்கும் என்பது அதன் குறை. காற்றைக் கலந்து நீரை மிச்சப்படுத்தும் ஷவர்கள் உண்மையிலேயே நீரைக் குறைக்கின்றன. அதே சுகம் கிடைக்கிறதா என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது; குறைந்த அழுத்தத்தில் காற்றை இழுக்கும் வேகமே அவற்றுக்கு வராது. சில ஷவர்களில் வரும் நிறம் மாறும் விளக்குகளைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

மிக்சர்தான் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது. ஷவரைவிட இதில்தான் பணத்தைப் போட வேண்டும். 60 டிகிரி நீர் தோலில் பட்டால் சில வினாடிகளில் ஆழமான புண் உண்டாகும். குழந்தைகளின் தோலும் முதியோரின் தோலும் மெல்லியவை என்பதால் இன்னும் விரைவாக வெந்துவிடும். அதற்காகக் கீசரின் வெப்பத்தைக் கண்டபடி குறைத்து வைப்பதும் சரியில்லை. 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் தொற்றுக் கிருமி பெருகும். அதனால்தான் நீரை 60 டிகிரியில் சேமித்து, வெளிவரும் இடத்தில் குளிர்நீர் கலந்து தணிக்கச் சொல்கிறார்கள். தெர்மோஸ்டாட் மிக்சர் இதைத் தானே செய்கிறது. அதற்குள் வெப்பத்தால் விரியும் மெழுகு உறை ஒன்று இருக்கிறது. குளிர்நீர் குறைந்தால் அது விரிந்து வெந்நீர் வழியை அடைக்கும். பெரும்பாலானவற்றில் 38 டிகிரியில் ஒரு தடுப்பு உண்டு. பொத்தானை அழுத்தாமல் அதற்கு மேல் திருப்ப முடியாது. ஆனால் அதுவும் ஓரளவு அழுத்தத்தையும், இரு நீர்களும் ஏறக்குறைய சம அழுத்தத்தில் வருவதையும் எதிர்பார்க்கிறது. சாதாரண ஒற்றைக் கைப்பிடி மிக்சர் எளியது, மலிவானது, நெடுநாள் உழைப்பது. யாரோ வேறு குழாயைத் திறக்கும்போது வெப்பம் சட்டென்று மாறுவதை அது தடுக்காது.

சுவருக்குள் புதையும் கன்சீல்டு வகையைத் தேர்ந்தெடுத்தால், அதன் உடலில் குறைந்தபட்ச ஆழம், அதிகபட்ச ஆழம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். டைல்ஸின் மேற்பரப்பு அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும், வெறும் பூச்சின் மேற்பரப்பு அல்ல. ஒரு வேலையில், வால்வைப் பதித்த பிறகு தடிமனான கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒட்டும் கலவையும் சேர்ந்து 12 மில்லிமீட்டர் கூடிவிட்டது. கைப்பிடியின் தண்டு தகட்டுக்கு வெளியே எட்டவே இல்லை. நல்லவேளையாக அந்தத் தயாரிப்புக்கு நீட்டிப்புத் துண்டு கிடைத்தது; எல்லாவற்றுக்கும் கிடைப்பதில்லை. ஆகவே டைல்ஸை முதலில் முடிவு செய்யுங்கள், வால்வைப் பிறகு பதியுங்கள். இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் சுவருக்கு வெளியே நிற்கும் வால் மிக்சர் போதும். பழுதானால் ஒரு ஸ்பேனரோடு வேலை முடியும். உள்ளே புதைவதோ வெளியே நிற்பதோ, உடல் பித்தளையாக இருக்கட்டும், உள்ளே நீரைத் திறந்து மூடும் பீங்கான் கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

உயரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லாமே டைல்ஸ் பதித்து முடிந்த தரையிலிருந்து. மேல் ஷவர் 2.1 மீட்டர், வீட்டில் மிக உயரமானவர் இருந்தால் 2.2, மிக்சர் 1 முதல் 1.1 மீட்டர். மிக்சரை ஷவருக்கு நேர்க்கீழே வைக்காமல் கதவுப் பக்கமாகச் சற்று விலக்கி வைத்தால், நனையாமல் நின்று வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை, ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் செய்வதில்லை. தரை, வடிகாலை நோக்கி மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் சரிய வேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் கொட்டும் ஷவரை வைத்துவிட்டு, வடிகால் அதைவிடக் குறைவாக வாங்கினால் தண்ணீர் படுக்கையறைக்குள் நடக்கும். வடிகாலின் கொள்ளளவையும் கேட்டு வாங்குங்கள். டைல்ஸுக்கு முன் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, ஒரு முழு நாள் நீரைத் தேக்கி, கீழே ஈரம் இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உங்கள் தண்ணீர் கடினமானதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். கடின நீரில் முனைகளில் சுண்ணாம்பு படியும். விரலால் தேய்த்தாலே அந்தச் சுண்ணாம்பு உதிர்ந்துவிடும் சிலிகான் முனைகள் உள்ள ஷவரே அங்கு ஏற்றது. உலோகத் தகட்டில் ஊசித்துளை போட்டவை சீக்கிரம் அடைபட்டு நீரைக் கோணலாகத் தெறிக்கும். ஷவரோடு மாட்டும் கையடக்க வடிகட்டி மணலையும் துருவையும் பிடிக்கும். கடினத்தன்மையை நீக்க அதற்குத் திறன் கிடையாது, அதற்கு முழு வீட்டுக்குமான மென்னீராக்கிதான் வேண்டும். கறுப்பு நிறப் பூச்சில் வெண்கறை பளிச்சென்று தெரியும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இவற்றையெல்லாம் வைத்து உங்கள் வீட்டுக்கு என் தேர்வு இது. கீழ்த்தளத்தில் பெற்றோருக்கு, உயரம் மாற்றும் கம்பியில் ஹேண்ட் ஷவர், 38 டிகிரித் தடுப்புள்ள தெர்மோஸ்டாட் மிக்சர், உட்கார இருக்கை, பிடித்துக்கொள்ள உறுதியான கைப்பிடி. அந்த அறைக்கு ரெயின் ஷவர் வேண்டாம். கைப்பிடி வரும் இடத்தில் சுவர் உள்ளீடற்ற கல்லாக இருந்தால் இப்போதே கான்கிரீட் நிரப்பிவிடுங்கள், பிறகு துளையிட்டால் பிடிக்காது. குழந்தைகள் குளிக்கும் மாடி அறைக்கும் ஹேண்ட் ஷவரும் அதே வகை மிக்சரும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் அறைக்கு, பம்ப் வைப்பதாக இருந்தால் 20 சென்டிமீட்டர் ரெயின் ஷவரும் ஹேண்ட் ஷவரும், நடுவே டைவர்ட்டரும். பம்ப் இல்லையென்றால் 12 சென்டிமீட்டர் சாதாரண ஷவர். ரெயின் ஷவருக்கும் சாதாரண ஷவருக்கும் சுவருக்குள் போகும் குழாய் ஒன்றேதான் என்பதால், சிறியதோடு தொடங்கிப் பின்னர் பெரியதுக்கு மாறும் வழி திறந்தே இருக்கும். தெர்மோஸ்டாட் மிக்சரைப் பொறுத்தவரை ஒரு நிபந்தனை: பம்ப் இல்லாமல் கீழ்த்தளத்தில் கிடைக்கும் 0.5 பாரிலும், மாடியில் கிடைக்கும் 0.2 பாரிலும் அது இயங்குமா என்பதை விளக்கத்தாளில் பார்த்த பிறகே வாங்குங்கள். இயங்காது என்றால் ஒற்றைக் கைப்பிடி மிக்சரை வைத்து, கீசருக்கு வெளியே வெப்பத்தைத் தணிக்கும் தனிக் கலப்பு வால்வைப் பொருத்தலாமா என்று பிளம்பரிடம் கேளுங்கள். அந்த வால்வின் குறைந்தபட்ச அழுத்தத்தையும் அதேபோல் சரிபார்க்க வேண்டும்.

பூச்சுக்காரர் வருவதற்கு முன் எல்லா வாய்களையும் அடைத்து, குழாய்களில் அழுத்தம் ஏற்றி, இரவு முழுவதும் அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் உள்ள தூரம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் கண்ணாடி மாட்டவோ அலமாரி பொருத்தவோ சுவரில் துளையிடும்போது, குழாய் எங்கே போகிறது என்று அந்தப் படங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.